இழுத்துப் போட்டால் ஆகிவிடுமா?

சிறு, நடுத்தரத் தொழில் நடத்துவோருக்கான அறிவுரைக் கட்டுரை ஒன்று இப்போது கைக்குக் கை போய்க்கொண்டிருக்கிறது. பெட்டிகளை இழுத்துப் போட்டே செயலி கட்டும் லோ-கோட் தளம் ஒன்றுக்குச் சந்தா கட்டுங்கள், புரோகிராமருக்குக் கும்பிடு போடுவதை நிறுத்துங்கள், கணக்குப் பிரிவில் இருக்கும் கெட்டிக்காரப் பையனிடம் பொறுப்பைக் கொடுங்கள், இரண்டே வாரத்தில் உங்கள் கம்பெனிக்கென்றே ஒரு செயலி தயார் என்பது அதன் சாரம். கோடிங்கே இல்லாத இடத்தில் பிழை எங்கிருந்து வரும் என்று கட்டுரையாளர் கேட்கிறார். மென்பொருள்தான் முதலாளியின் வழக்கத்துக்கு வளைய வேண்டும் என்கிறார். சோதனை, ஆவணம், அனுமதிக் கட்டுப்பாடு எல்லாம் பில்லைப் பெருக்குவதற்காக ஐடி கம்பெனிகள் கண்டுபிடித்த சடங்குகள் என்று முடிக்கிறார்.

அவர் சொன்னதில் உண்மை எது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அதிக நேரம் பிடிக்காது. ஒரு ரிப்போர்ட்டில் ஒரு நெடுவரிசை சேர்க்க வெண்டர் மாதக்கணக்கில் இழுத்தடிப்பதும், அதற்கும் தனிக் கொட்டேஷன் அனுப்புவதும் நடக்கிற கதைதான். ஜோஹோ கிரியேட்டர், பவர் ஆப்ஸ், இஆர்பிநெக்ஸ்ட் போன்றவை அந்தக் காத்திருப்பைக் குறைத்திருக்கின்றன. வேலையின் நெளிவு சுளிவு தெரிந்தவரே திரையை வடிவமைப்பதில் பெரிய நன்மை இருக்கிறது. உண்மை இத்தோடு முடிந்தது. மிச்சமெல்லாம் படிப்பவரின் பணத்தை வைத்து ஆடும் சூதாட்டம்.

கோடிங் இல்லையென்றால் பிழை இல்லை என்ற வாதத்தைப் பார்ப்போம். கட்டுரையின் மற்ற எல்லா யோசனைகளும் இதன் மேல்தான் நிற்கின்றன. திருப்பூரில் நடுத்தரமான ஒரு பின்னலாடை நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். நூல் வாங்கி நிட்டிங் கொடுத்து, அந்தத் துணியை டையிங்குக்கு அனுப்பி, காம்பேக்டிங் முடிந்து கட்டிங்குக்குக் கொண்டுவரும் நிறுவனம். டையிங்குக்குப் போன துணியைக் கண்காணிக்க ஒரு ஃபார்ம் வேண்டும். கெட்டிக்காரப் பையன் பத்து நிமிடத்தில் செய்துவிடுவான்: டெலிவரி சலான் (டிசி) எண், தேதி, அனுப்பிய கிலோ, வந்த கிலோ, நிலை. வந்த கிலோவும் அனுப்பிய கிலோவும் சமமானால் நிலை 'முடிந்தது' என்று தானாக மாறும். டெமோ பார்த்த முதலாளிக்கு ஏக சந்தோஷம்.

வேலை தொடங்குகிறது. 500 கிலோ டையிங்குக்குப் போகிறது. முதல் வண்டியில் 200 கிலோ திரும்பி வருகிறது. 200 என்று பதிகிறான். அடுத்த வண்டியில் 270 வருகிறது. இருப்பது ஒரே ஃபீல்டு, ஆகவே 200-ஐ அழித்து 470 என்று போடுகிறான். எந்தத் தேதியில் எவ்வளவு வந்தது என்ற விவரம் அந்த நொடியே போய்விட்டது. மீதி 30 கிலோ வரப்போவதில்லை, அது பிராசஸ் லாஸ். 470 ஒருநாளும் 500 ஆகாது. அந்த டிசியும் ஒருநாளும் முடியாது. இப்படி நிலுவைப் பட்டியல் நீண்டுகொண்டே போக, மேலாளர் சத்தம் போட, பையன் 500 என்று அடித்து மூடிவிடுகிறான். அன்று முதல் அந்த நிறுவனத்தின் ஸ்டாக்கில் இல்லாத துணி இருக்கிறது.

இதில் ஒரு வரி கோடிங்கூடக் கிடையாது. பிழை இருக்கிறது, அதுவும் வரி அதிகாரியின் மேசை வரை போகக்கூடிய பிழை. டையிங் போன்ற ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய உள்ளீட்டுப் பொருளுக்கு ஜிஎஸ்டி சட்டத்தின் 143-ஆம் பிரிவு ஓராண்டு கெடு வைத்திருக்கிறது. ஐடிசி-04 படிவத்தில் எந்த டிசிக்கு எவ்வளவு திரும்பியது, எவ்வளவு கழிவானது என்று காட்ட வேண்டும். அழித்து எழுதிய ஃபீல்டிலிருந்து இதை எப்படி எடுப்பது?

சரியான வழி எளிதுதான். வரவுகளுக்குத் தனி டேபிள் வைத்து, ஒரு டிசியின் கீழ் எத்தனை வரவு வேண்டுமானாலும் பதியும்படி இணைக்க வேண்டும். பிராசஸ் லாஸுக்குத் தனி ஃபீல்டு வேண்டும். பேசிய சதவீதத்துக்கு மேல் லாஸ் போனால் மேலாளர் ஒப்புதல் இல்லாமல் டிசி மூடக்கூடாது. எந்த லோ-கோட் தளத்திலும் இதை அரை நாளில் செய்யலாம். ஆனால் இப்படிச் செய்ய வேண்டும் என்ற தீர்மானத்தை எந்தத் தளமும் நமக்காக எடுத்துத் தராது. கணினி அறிஞர் ஃபிரெட் புரூக்ஸ் 1986-லேயே இதைப் பிரித்துக் காட்டிவிட்டார்: மென்பொருளில் ஒரு பகுதிக் கஷ்டம் கருவியால் வருவது, மறு பகுதி பிரச்சினையின் இயல்பிலேயே இருப்பது. நல்ல கருவி முதலாவதைக் குறைக்கும், இரண்டாவதைத் தொடாது. லோ-கோட் நம் விரல்களுக்கு ஓய்வு கொடுத்திருக்கிறது. கட்டுரையாளர் அதை மூளைக்கும் சேர்த்துக் கொடுத்த விடுமுறையாக எடுத்துக்கொண்டுவிட்டார்.

சரி, டேபிள்களைப் பையன் ஒழுங்காகவே அமைத்துவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் தப்பிக்க முடியாது. பவர் ஆப்ஸில் எல்லா ஃபார்முலாக்களையும் தரவுத்தளமே கணக்கிட்டுத் தந்துவிடுவதில்லை. அப்படித் தர முடியாத ஃபார்முலா ஒன்றை எழுதினால், செயலி முதல் 500 வரிகளை மட்டும் இறக்கி அவற்றுக்குள்ளேயே தேடும், கூட்டும். செட்டிங்கில் உயர்த்தினாலும் 2000 வரிதான் உச்சம். எல்லையைத் தாண்டி அடுத்த வரி நுழைந்த நாளிலிருந்து மொத்தத் தொகை தப்பு. செயலியைப் பயன்படுத்துகிறவருக்கு எந்த எச்சரிக்கையும் வராது. வடிவமைக்கும் திரையில் மட்டும் ஒரு மஞ்சள் முக்கோணம் நிற்கும். நாற்பது வரி வைத்துச் சோதித்தவனுக்கு அந்த முக்கோணம் அலங்காரமாகத்தான் தெரியும்.

ஆகவே, வெளியிடுவதற்கு முன் ஐயாயிரம் போலி வரிகளை ஏற்றிப் பாருங்கள். செயலி காட்டும் தொகையை எக்செல்லில் கூட்டிய தொகையோடு ஒப்பிடுங்கள். பூஜ்யம் கிலோ, பாதி வரவு, திரும்பி வந்த சரக்கு, சேமிக்கும் பட்டனை இரண்டு முறை அழுத்துவது, நடுவில் நெட் போவது, இவை அத்தனையையும் சோதியுங்கள். இதெல்லாம் சடங்கு என்கிறவருக்கு 2020 இங்கிலாந்தை நினைவுபடுத்த வேண்டும். அந்த ஆண்டு செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 கோவிட் தொற்றாளர்கள் தினசரிக் கணக்கில் விடுபட்டுப்போனார்கள். 65,536 வரிக்கு மேல் ஏற்காத பழைய எக்செல் வடிவத்தில் தரவை ஏற்றியதே காரணம். அவர்களோடு தொடர்பில் இருந்தவர்களைத் தேடும் வேலையும் அதனால் தாமதமானது. கருவிக்கு ஒரு எல்லை இருக்கிறது என்பதைக் கவனிக்காததற்கு ஒரு நாடு கொடுத்த விலை அது.

அடுத்தது, மென்பொருள் வளைய வேண்டும் என்ற வாதம். கேட்க இனிமையாக இருக்கிறது. எதற்கு வளைய வேண்டும் என்று கேட்டால்தான் சாயம் வெளுக்கிறது. முதலாளி தன் இன்வாய்ஸ் எண் கம்பீரமாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறார்: கிளைக்கு மூன்றெழுத்து, பிரிவுக்கு மூன்றெழுத்து, நிதியாண்டுக்கு ஏழு இடம், வரிசை எண்ணுக்கு ஐந்து இடம், நடுவே மூன்று சாய்கோடுகள். மொத்தம் 21. ஜிஎஸ்டி விதி 46 இன்வாய்ஸ் எண்ணுக்கு 16 இடங்களுக்கு மேல் அனுமதிப்பதில்லை. ஐந்து கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு 2023 ஆகஸ்டு 1 முதல் இ-இன்வாய்ஸ் கட்டாயம். 21 இடத்து எண்ணை இ-இன்வாய்ஸ் போர்ட்டல் ஏற்காது. மென்பொருள் அழகாக வளைந்துவிட்டது. லாரிதான் கேட்டுக்கு வெளியே போகவில்லை.

வரி வீதத்தின் கதை இதைவிட மோசம். ஆயத்த ஆடைக்கு ஒரு பீஸ் 1000 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 12 என்று இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 2500 ரூபாய் வரை 5, அதற்கு மேல் 18. அந்த 1000-ஐயும் 12-ஐயும் கொட்டேஷன், ஆர்டர், இன்வாய்ஸ், மொபைல் திரை, மாத ரிப்போர்ட் என ஐந்து இடங்களில் ஃபார்முலாவுக்குள் புதைத்து வைத்தவர்கள் அன்று என்ன செய்திருப்பார்கள்? நான்கை மாற்றி ஒன்றை மறந்திருப்பார்கள். ஐந்தையும் மாற்றியவர் பாடு இன்னும் மோசம். பழைய இன்வாய்ஸைத் திறந்ததும் அது புது வீதத்தில் மறுபடி கணக்கிட்டுக்கொள்ளும். ஆகஸ்டு மாத இன்வாய்ஸுக்கு அக்டோபரில் போடும் கிரெடிட் நோட் பழைய வீதத்தில் இருக்க வேண்டும். செயலி புது வீதத்தில் போட்டுத் தரும்.

இதற்கான வழக்கத்தை அனுபவசாலிகள் எவரும் சொல்வார்கள். மாறக்கூடிய எந்த எண்ணையும் ஃபார்முலாவுக்குள் எழுதக்கூடாது. வீதம், விலை வரம்பு, அமலுக்கு வரும் தேதி மூன்றையும் ஒரு மாஸ்டர் டேபிளில் வைக்க வேண்டும். இன்வாய்ஸ் தேதியை வைத்து அங்கிருந்து வீதத்தை எடுக்க வேண்டும். சேமிக்கும் நேரத்தில் அந்த வீதத்தை இன்வாய்ஸ் வரியிலேயே நகலெடுத்து உறையவைக்க வேண்டும். அப்படி வைத்தவர் செப்டம்பர் 22 அன்று இரண்டு வரி சேர்த்துவிட்டுச் சாப்பிடப் போயிருப்பார்.

அப்படியானால் எதைத் தனிப்பயனாக்கலாம்? மூன்று கேள்விகள் போதும். சட்டம் கேட்கிறதா? சரக்கு வாங்குபவர் கேட்கிறாரா? இது இல்லாததால் வீணாகும் பணத்தையோ நேரத்தையோ கணக்குப் போட்டுக் காட்ட முடியுமா? மூன்றுக்கும் இல்லை என்றால், மாற்றக் கேட்பது தொழிலின் தேவை அல்ல, வெறும் பழக்கம். பழைய பேரேட்டில் எட்டாவது கட்டத்தில் மேஸ்திரியின் கையெழுத்து இருந்தது என்பதற்காகத் திரையில் எட்டாவது ஃபீல்டு வேண்டாம். தளத்தோடு வரும் வழக்கமான நடைமுறைக்கு நாம் மாறிக்கொள்வது பல நேரங்களில் மலிவு. முதலாளி வளையக்கூடாது என்று உசுப்பேற்றுவது சுலபம். ஒவ்வொரு வளைவையும் வருடக்கணக்கில் தாங்கிப் பராமரிக்கும் செலவு கட்டுரையாளருடையதல்லவே.

மாற்ற வேண்டியதை மாற்றுவதிலும் ஒரு வரிசை உண்டு. முதலில் செட்டிங்கில் தீருமா என்று பாருங்கள். தீராவிட்டால் புது ஃபீல்டு, அதற்கும் பிறகு விதிகள், கடைசியாகத்தான் ஸ்கிரிப்ட். தளத்தின் மூலநிரலில் கைவைப்பது மட்டும் கூடவே கூடாது. இஆர்பிநெக்ஸ்ட்டில் கஸ்டம் ஃபீல்டு, கஸ்டமைஸ் ஃபார்ம் என்று அதற்கென்றே வாசல்கள் இருக்கும்போது மூல ஃபைலைத் திருத்தியவர், அடுத்த அப்டேட்டில் மோதலைச் சந்திப்பார் அல்லது அப்டேட்டையே கைவிடுவார். அதேபோல் ஸ்கிரிப்ட் என்றாலே தீட்டு என்று கட்டுரையாளரைப் போல ஒதுங்கவும் வேண்டாம். இருபது பெட்டிகளை அம்புக்குறிகளால் இணைத்து வரையும் ஒரு விதியை ஜோஹோவின் டெலுஜ் மொழியில் ஐந்தாறு வரிகளில் தெளிவாக எழுத முடியும் என்றால், அந்த வரிகளே மேல். ஆறு மாதம் கழித்துப் படிப்பவருக்கு எது புரியும் என்பதுதான் அளவுகோல்.

சின்ன விஷயங்கள் இரண்டு. பவர் ஆப்ஸின் டேட்டாவெர்ஸில் ஃபீல்டின் திரைப்பெயரை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். உள்பெயர் உருவாக்கும் நொடியில் நிலைத்துவிடும். அவசரத்தில் 'புதியது 7' என்று வைத்தால் அது உங்களை விட்டுப் போகாது. பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டியதை டைப் அடிக்க விடாதீர்கள். நிறத்தை டைப் அடிக்க விட்டால் 'நேவி', 'நேவி புளூ', 'நே.புளூ' என்று ஒரே துணி மூன்று ஸ்டாக்காக நிற்கும்.

ஓடிக்கொண்டிருக்கும் செயலியிலேயே உடனுக்குடன் மாற்றலாம் என்பதைக் கட்டுரையாளர் பெரிய வசதியாகப் பாடுகிறார். பகல் பதினொரு மணிக்கு டிஸ்பாட்ச் நடந்துகொண்டிருக்கும்போது ஒரு ஃபீல்டைக் கட்டாயமாக்கிப் பாருங்கள், அந்த வசதி புரியும். ஜோஹோ கிரியேட்டர், பவர் ஆப்ஸ் அடங்கிய பவர் பிளாட்ஃபார்ம், சேல்ஸ்ஃபோர்ஸ் மூன்றிலும் சோதனைக்கென்று தனிச் சூழல் அமைக்க வழி இருக்கிறது. வழி வைத்தவர்கள் முட்டாள்கள் அல்ல. தானியங்கி விதிகளில் இந்த எச்சரிக்கை இன்னும் அவசியம். ஆர்டர் மாறினால் நிலுவையைத் திருத்து என்று ஒரு விதி, நிலுவை மாறினால் ஆர்டரைத் திருத்து என்று இன்னொரு விதி. இரண்டும் ஒன்றையொன்று எழுப்பிக்கொண்டே இருக்கும். சேல்ஸ்ஃபோர்ஸில் வழக்கமான ஒரு பரிவர்த்தனைக்குள் 100 தேடல்கள்தான் அனுமதி. லூப்புக்குள் தேடலை வைத்தவரின் தானியங்கி விதி (ஃப்ளோ) சின்ன ஆர்டரில் ஓடும், நூற்றுக்கு மேல் வரி உள்ள ஆர்டரில் நின்றுவிடும். பெரிய வாடிக்கையாளரின் ஆர்டரில்தான் நிற்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஒவ்வொரு தானியங்கி விதிக்கும் தோல்விக் கிளை ஒன்று வையுங்கள்; தோற்றால் யாருக்குத் தகவல் போகும் என்பதையும் அப்போதே எழுதுங்கள்.

பாதுகாப்பைத் தளத்தின் நிறுவனம் பார்த்துக்கொள்ளும் என்று கட்டுரையாளர் ஒரே வரியில் கடந்துவிடுகிறார். 2021 ஆகஸ்டில் அப்கார்ட் என்ற பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் வெளியிட்டதை அவர் படித்திருக்க வேண்டும். பவர் ஆப்ஸ் போர்ட்டல்களில் 47 அமைப்புகளின் 3.8 கோடிப் பதிவுகள் இணையத்தில் எவரும் பார்க்கும்படி கிடந்தன. கோவிட் தொடர்புத் தடமறிதல் விவரங்கள், தடுப்பூசி முன்பதிவுகள், வேலைக்கு விண்ணப்பித்தவர்களின் சமூகப் பாதுகாப்பு எண்கள் எல்லாம் அதில் இருந்தன. யாரும் எதையும் உடைத்துக்கொண்டு நுழையவில்லை. தரவு வரிசையை வெளியே திறந்துவிட்டவர்கள், டேபிள் அனுமதி என்ற ஒரு செட்டிங்கைப் போட மறந்திருந்தார்கள்; அது போடாத நிலையிலேயே வந்துகொண்டிருந்தது. அந்த 47-இல் தளத்தை உருவாக்கிய மைக்ரோசாஃப்ட்டும் ஒன்று. பிறகுதான் இயல்புநிலையை மாற்றினார்கள். செய்தவர்களே வழுக்கிய இடத்தில் கணக்குப் பிரிவுப் பையன் தானாகத் தப்பித்துக்கொள்வான் என்பது எந்த ஊர் நியாயம்?

இங்கே செய்ய வேண்டியது: செயலியை அட்மின் கணக்கில் மட்டும் பார்க்காதீர்கள். செக்கிங் மேஸ்திரியின் கணக்கில் நுழைந்து பாருங்கள். வெளியாளாக, லாகின் இல்லாமலும் திறந்து பாருங்கள். அவர்கள் பார்க்கக் கூடாத சம்பளமோ விலையோ ஒன்றாவது தெரிந்தால் வெளியிடாதீர்கள். திரையில் ஃபீல்டை மறைப்பது பாதுகாப்பு ஆகாது. தரவு மட்டத்தில் அனுமதியை எடுக்க வேண்டும். நிறுவனம் பிரைவேட் லிமிடெட் என்றால் இன்னொன்றும் உண்டு. 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில் யார், எப்போது, எதை மாற்றினார் என்ற பதிவு இருந்தே ஆக வேண்டும். அதை அணைக்கவும் முடியக்கூடாது. இன்வாய்ஸை யார் வேண்டுமானாலும் அழித்துத் திருத்தும் செயலியைக் கட்டிக்கொடுத்துவிட்டு, ஆடிட்டர் கேட்கும்போது சடங்குகளில் நம்பிக்கை இல்லை என்று சொல்லிப் பார்க்கலாம்.

ஆவணம் வேண்டாம் என்பதற்குப் பதில் சுருக்கமானது. ஃப்ளோக்கள் எல்லாம் பையனின் சொந்த லாகினில் ஓடுகின்றன. அவன் பாஸ்வேர்டு மாற்றினால் சில இணைப்புகள் அறுகும். வேலையை விட்டுப் போனால் மிச்சமும் அறுகும். கம்பெனியின் பெயரில் ஒரு பொதுக் கணக்கை வைத்து அதில் ஓட்டுங்கள். மாற்றம் செய்த தேதி, என்ன மாற்றம், யார் கேட்டார்கள், ஏன், பின்வாங்குவது எப்படி என்று ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐந்து வரி எழுதுங்கள். போவது ஆள் மட்டுமல்ல, கருவியும் போகும். கூகுள் தன் ஆப் மேக்கரை 2021 ஜனவரி 19 அன்று மூடியது. கிளவுட் எஸ்கியூஎல்லில் வைத்திருந்த தரவு பிழைத்தது. செயலிகளை வேறு இடத்தில் புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது. சேல்ஸ்ஃபோர்ஸ் ஒர்க்ஃப்ளோ ரூல்ஸ், பிராசஸ் பில்டர் இரண்டுக்குமான ஆதரவை 2025 டிசம்பர் 31-உடன் நிறுத்தியது. தளம் உயிரோடிருந்தும் அதற்குள்ளிருந்த கருவி காலாவதியானது. விதி எதற்காக எழுதப்பட்டது என்று எழுதி வைத்தவர் அதை மாற்றி எழுதுவார். எழுதி வைக்காதவர் அம்புக்குறிகளைப் பார்த்து ஜோசியம் சொல்வார். காலாண்டுக்கு ஒருமுறை முழுத் தரவையும் இறக்கி, அந்த ஃபைல் திறக்கிறதா, வரிகளின் எண்ணிக்கை சரியா என்றும் பார்த்துவிடுங்கள்.

சிறு நிறுவனத்துக்கு இவ்வளவும் கட்டுப்படியாகுமா என்பது அவருடைய கடைசி அஸ்திரமாக இருக்கும். நான் சொன்னதில் எதற்குத் தனிப் பணம் வேண்டும்? ஐந்து வரிக் குறிப்புக்கா, போலி வரிகளுக்கா, மேஸ்திரியின் கணக்கில் ஒருமுறை நுழைந்து பார்ப்பதற்கா? சோதனைச் சூழலுக்குச் சில திட்டங்களில் கூடுதல் சந்தா கேட்பார்கள். அதைச் சந்தா எடுக்கும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். எத்தனை பேருக்கு லாகின் வேண்டும் என்றும் அப்போதே எண்ணிவிடுங்கள், ஏனென்றால் பல தளங்களில் தலைக்கு இவ்வளவு என்றுதான் பில். இரண்டு வாரத்தில் செயலி என்று சொன்னவர், அதற்குப் பிந்தைய ஆண்டுகளைப் பற்றி வாயே திறக்கவில்லை. பெரிய நிறுவனம் ஒரு தப்பான இன்வாய்ஸைத் தாங்கும்; சிறிய நிறுவனம் தாங்காது. எச்சரிக்கை தேவைப்படுவது யாருக்கு என்பதையே அவர் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறார்.

தொழில் நடத்துவோரைப் புரோகிராமரின் பிடியிலிருந்து விடுவிப்பதாக அவர் சொல்லிக்கொள்கிறார். உண்மையில் அவர் செய்திருப்பது, புரோகிராமர்கள் அடிபட்டுக் கற்ற பாடங்களை மட்டும் வெட்டியெறிந்துவிட்டு மிச்சத்தை விற்றது. இதில் அதிகம் ஏமாறப்போவது அவர் போற்றிப் புகழும் கெட்டிக்காரப் பையன்தான். நாளைக்குக் கணக்கு உதைத்தால் முதலாளி முன் கையைப் பிசைந்துகொண்டு நிற்பவன் அவன்; கட்டுரையாளர் அதற்குள் வேறு ஏதாவது ஒரு தளத்தைப் புகழ்ந்து எழுதிக்கொண்டிருப்பார். அவனை நம்புங்கள், அவனிடமே கொடுங்கள். கூடவே சோதித்துப் பார்க்க அவகாசமும், முடியாது என்று முதலாளியிடம் சொல்லும் உரிமையும் கொடுங்கள். அந்தக் கட்டுரையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.